இருட்டுக் கூடை

நோகடிக்கிற ஞாபகத்தை மருந்து கொடுத்து ஆற்றுவது நியாயமா? நாலு படித்தவர்கள் உட்கார்ந்து பேசும்போது இது ஏதோ மேல்நாட்டு ஆஸ்பத்திரிச் சமாச்சாரம் போலத் தெரியுது. அடிபட்ட சனங்களுக்கு இது ராத்திரிக் கேள்வி. பகலெல்லாம் களை பிடுங்கி, கஞ்சி காய்ச்சி, பிள்ளைக்குப் பேன் பார்த்துவிட்டுப் படுத்தபிறகு, கண்ணை மூடினால் தீயும் கூச்சலும் வந்து நிற்குது. அதை என்ன செய்ய? சாமியாரிடம் போனால் மறந்துவிடு என்கிறார். சமாதானக் கூட்டத்தில் ஆதிக்கச் சாதிக்காரனும் அதையேதான் சொல்றான், பழசை ஏன் கிளறுறீங்கன்னு. இயக்கத்துக்காரன் நேர் எதிராக, மறக்காதே, மறந்தால் துரோகம் என்கிறான். தூக்கம் வராமல் கிடக்கிற அந்த மனுசியிடம், உனக்கு என்னம்மா வேணும்னு மூணு பேரில் ஒருத்தரும் கேட்பதில்லை.

இந்தக் கேள்வியை நம்மைவிடப் பழையதாகவும் ஆழமாகவும் கேட்டுப் பார்த்த சனங்கள் இருக்கிறார்கள். தென்னமெரிக்காவில், அமேசான் ஆற்றில் போய்ச் சேருகிற புட்டுமாயோ ஆற்றின் காட்டில் வாழ்கிறவர்கள். விட்டோட்டோ, போரா, ஆந்தோக்கே, ஒக்காயினா என்று பல இனத்தார். அவர்களுக்கு நடந்ததற்கும் நம்ம சனங்க கப்பலேறிய கதைக்கும் ஒரு மரத்துப் பால் உறவு உண்டு. அதைப் பிறகு சொல்றேன். முதலில் காட்டைச் சொல்லணும். காட்டின் தட்பவெப்பம் தெரியாமல் அங்கே நடந்த கொடுமையும் புரியாது, அதற்கு அவர்கள் கண்ட மருந்தும் புரியாது.

பூமத்திய ரேகைக்கு மிகப் பக்கத்தில் இருக்கிற காடு. கோடை, குளிர் என்று பிரிவு கிடையாது. வருசம் பூராவும் வெக்கை, வருசம் பூராவும் ஈரம். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவில் மழை, சென்னைக்குப் பெய்வதைப் போல இரண்டு மடங்கு. இவ்வளவு பச்சையாக இருக்கே, மண் வளமாக இருக்கும்னு நினைப்போம். கிடையாது. மண் ஏழை, புளித்த மண். சத்தெல்லாம் உயிரோடு நிற்கிற மரத்தில்தான் இருக்கு. ஓர் இலை விழுந்தால் காளானும் கரையானும் பூச்சியும் சில மாசத்தில் தின்று தீர்த்து வேருக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். மண்ணில் எதுவும் சேராது. செத்தவர் எலும்புகூட அந்தப் புளித்த மண்ணில் நெடுநாள் நிற்காது. மூங்கிலும் ஓலையும் வைத்துக் கட்டின வீடு, நடந்த பாதை, ஆளை மாட்டிவைத்த தொழுமரம், எழுதின காகிதம் எல்லாம் மக்கிப்போகும். கொலைகாரனுக்கு இதைவிடத் தோதான இடம் வேற எது? சாட்சியம் தங்காத காடு அது. தங்கினது மனுசர் முதுகிலும் மனசிலும்தான்.

ரப்பர் மரத்தின் பால் என்பது மரம் தன் காயத்துக்குத் தானே சுரக்கிற மருந்து. பட்டையைக் கடிக்க வருகிற பூச்சியின் வாயை ஒட்டவைக்கும், கீறலை மூடும். அந்த மருந்தைத்தான் உலகம் சக்கரத்துக்கு மாட்டியது. 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைச் செய்தபிறகு சைக்கிளும் மோட்டாரும் பெருகி ரப்பருக்கு வெறி பிடித்தது. ஆனால் காட்டில் ரப்பர் மரம் தோப்பாக நிற்பதில்லை. ஒன்று இங்கே என்றால் அடுத்தது எங்கேயோ. நெருக்கி நட்டால் இலையைக் கருக்குகிற பூஞ்சை நோய் ஒன்று மொத்தத்தையும் அழித்துவிடும். அதனால்தான் காடே மரங்களை எட்ட எட்ட வைத்திருக்கு. அப்படியென்றால் பால் எடுக்க ஆள் நாள்கணக்கில் நடக்கணும், சுமக்கணும். சொந்தத் தோட்டத்தில் கிழங்கும், ஆற்றில் மீனும் இருக்கிற சனம் எதுக்காக இன்னொருத்தனுக்கு இப்படி நடக்கும்? கூலி கொடுத்து நடக்காத காரியம், சாட்டையால் நடந்தது.

ஹூலியோ செசார் அரானா என்கிற பெரு நாட்டு வியாபாரி நடத்திய கம்பெனி அது. 1907இல் லண்டனில் பதிவானது. ஆங்கிலேய இயக்குநர்கள், ஆங்கிலேயப் பங்குப் பணம். லா சோரேரா என்கிற இடத்தில் தலைமைக் கிடங்கு. எடை குறைந்தால் முதுகுத்தோல் உரியச் சாட்டை. தொழுமரத்தில் கால் மாட்டிப் பட்டினி. பெண்களுக்கு நடந்ததை இங்கே எழுத வேண்டியதில்லை, படிக்கிறவர்களுக்குத் தெரியும். முதுகிலும் பிட்டத்திலும் இருந்த தழும்புக்கு அந்தப் பக்கம் ஒரு பெயரே வந்துவிட்டது: அரானாவின் முத்திரை. செத்தவர்கள் 30,000 பேர் என்பது அந்தக் காலத்து மதிப்பீடு.

ஹார்டன்பர்க் என்ற அமெரிக்க எஞ்சினியர் 1909இல் லண்டன் பத்திரிகையில் இதை வெளியே கொண்டுவந்தார். 1910இல் பிரிட்டிஷ் தூதர் ரோஜர் கேஸ்மென்ட் விசாரிக்கப் போனார். காட்டு மக்களுக்காக விசாரிக்கிற அதிகாரம் அவருக்கு இல்லை. கம்பெனி பார்படோஸ் தீவிலிருந்து கூட்டிவந்த கறுப்புத் தொழிலாளர்கள் பிரிட்டிஷ் குடிமக்கள் என்பதால், அந்த ஓட்டை வழியாகத்தான் நுழைய முடிந்தது. 30 பார்படோஸ்காரர்கள் அவரிடம் சாட்சி சொன்னார்கள். இங்கேதான் நாம் கொஞ்சம் நிற்கணும். அவர்கள் அடிமைகளின் பேரப்பிள்ளைகள். பிழைப்புக்கு வந்து கடனில் மாட்டிக்கொண்டவர்கள். அடிக்க மறுத்தவர்களுக்கும் அடி விழுந்தது. அவர்களே அடித்தவர்களும். தன் கையால் செய்ததைத் தன் வாயால் சொன்னார்கள். அந்த ஞாபகம் அவர்களுக்கும் ராத்திரியில் வந்திருக்காதா? அதற்கு மருந்து கேட்க அவர்களுக்கு உரிமை உண்டா?

1912இல் கேஸ்மென்ட் அறிக்கை அச்சானது. கம்பெனி கலைந்தது. அரானாவுக்கு ஒன்றும் ஆகலை. பிற்பாடு பெருவில் செனட்டராகி, 1952இல் கிழவனாகச் செத்தான். கேஸ்மென்ட்டை அயர்லாந்து விடுதலைக்காகப் போனதற்காக 1916இல் அதே பிரிட்டிஷ் அரசு தூக்கில் போட்டது. நீதி எப்படி நடக்கும் என்பதற்கு நமக்குப் புது உதாரணம் தேவையில்லை.

மிஞ்சின சனம் என்ன செய்தது? கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி, பெருவீடு கட்டி, மறுபடி தோட்டம் போட்டார்கள். தங்களைப் புகையிலையின், கொக்கா இலையின், இனிப்பு மரவள்ளியின் பிள்ளைகள் என்று சொல்லிக்கொள்கிற மக்கள் அவர்கள். (மரவள்ளி நம்ம ஊருக்கு வந்ததே அந்தக் கண்டத்திலிருந்துதான்.) கொக்கா இலையை வறுத்து, இடித்து, செக்ரோப்பியா மரத்து இலையைச் சுட்ட சாம்பலோடு சேர்த்துச் சலித்து, பச்சை மாவாகக் கன்னத்தில் அடக்கிக்கொள்வார்கள். வெத்தலைக்குச் சுண்ணாம்பு மாதிரி, காரம் சேர்ந்தால்தான் அந்த இலையின் சாரம் இறங்கும். புகையிலையைக் காய்ச்சிக் கருங்குழம்பாக்கி, காட்டுச் செடிகளின் சாம்பலில் வடித்த உப்பைக் கலந்து நாக்கில் தொட்டுக்கொள்வார்கள். ராத்திரி பெருவீட்டில் ஆண்கள் உட்கார்ந்து இதை வைத்துக்கொண்டு பேசுவார்கள். பெண்கள் மரவள்ளிச் சாற்றைக் காய்ச்சிக் கொடுப்பார்கள், அது குளிர்ச்சி. கொக்கா என்றதும் கொக்கைன் ஞாபகம் வந்து முகம் சுளிக்க வேண்டாம். ஒரு செடியிலிருந்து ஒரே சாரத்தை மட்டும் உருவி வெள்ளைப் பொடியாக்கியது ஐரோப்பிய ரசாயனம், காட்டு சனம் இல்லை. இவர்களுக்கு அந்த இலை போதைக்கு இல்லை, பேச்சுக்கு. சூடான பேச்சைக் குளிரவைக்கணும், கசந்ததை இனிக்கவைக்கணும், ராத்திரி பேசினது பகலில் தோட்டமாக, சோறாக, கூத்தாக விடியணும் என்பது அவர்கள் கணக்கு. மருந்து இலையில் பாதி, பேச்சில் பாதி.

ரப்பர் காலத்தை அந்தப் பெரியவர்கள் எப்படி வைத்திருந்தார்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. அதை ஒரு கூடை என்றார்கள், இருட்டுக் கூடை. மூடி வைத்திருந்தார்கள். பிள்ளைகளுக்குத் திறந்து காட்டவில்லை. அவர்கள் திறந்து பரிமாறியது இன்னொரு கூடையை: விதை, விளைச்சல், பிள்ளைகுட்டி, பெருக்கம் இருக்கிற கூடையை.

ஏன் மூடினார்கள்? வெள்ளைக்காரனைக் காப்பாற்றவா? இல்லை. கம்பெனி ஒவ்வொரு இனத்திலிருந்தும் பையன்களைப் பிடித்து, துப்பாக்கி கொடுத்து வளர்த்து, பக்கத்து இனத்தை அடிக்கவும் கொல்லவும் ஏவியது. கூடையைத் திறந்தால் யார் தாத்தா யார் தாத்தாவைச் சுட்டான் என்பதும் வெளியே வரும். சாட்டையில் மிஞ்சின கொஞ்சநஞ்சம் பேரும் பழி, செய்வினை என்று ஒருத்தரையொருத்தர் அழித்துக்கொள்வார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுத்து மறுபடி ஒரு சனமாகணும் என்றால் அந்த மூடி வேணும். இது கோழைத்தனம் என்று தூரத்திலிருந்து சொல்வது சுலபம். உட்சாதிச் சண்டையில் கை நனைத்த நம்ம தெருக்களில் இருந்துகொண்டு எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரலை.

மரத்துப் பால் உறவு என்றேனே. 1876இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலின் தப்பஜோஸ் ஆற்றுப்பக்கமிருந்து 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தது 2,700 சொச்சம். அதில் 1,900க்கும் மேற்பட்ட கன்றுகள் இலங்கைக்கு வந்தன. பிற்பாடு மலேயாவில் மழைக்காட்டை வெட்டித் தோட்டம் தோட்டமாக ரப்பர். பூஞ்சை நோய் கூட வராததால் இங்கே நெருக்கி நட முடிந்தது. அந்த மரங்களுக்கு விடியக்கருக்கலில் பால்வெட்டியது யார்? பஞ்சத்திலும் பண்ணையத்திலும் தப்பிக் கப்பலேறிய தமிழ்க் கூலிகள். அதில் பறையர், பள்ளர் சனம் ஏராளம். மேலே கங்காணி, அவனும் தமிழன், பெரும்பாலும் மேல்சாதி. 1913 வாக்கில் தோட்ட ரப்பர் காட்டு ரப்பரை மிஞ்சியது. விலை விழுந்தது. புட்டுமாயோவில் கொள்ளை லாபம் ஓய்ந்ததற்கு கேஸ்மென்ட் அறிக்கையைவிடப் பெரிய காரணம் நம்ம பாட்டன் பூட்டி மலிவாக உழைத்ததுதான். அங்கே ஒரு சனத்தின் சாட்டை ஓய இங்கே ஒரு சனம் லயத்துக்குள் போனது. அவர்கள் கூடை ஒன்று மூடிக் கிடக்கிற மாதிரி நம்முடையதும் ஒன்று கிடக்கு. கங்காணிகளின் பேரப்பிள்ளைகளும் கூலிகளின் பேரப்பிள்ளைகளும் ஒரே தமிழ்ச் சங்கத்தில் பொங்கல் வைக்கும்போது யாரும் அதைத் திறப்பதில்லை.

இனி மாத்திரைக்கு வருவோம். 1964இல் ஜேம்ஸ் பிளாக் என்ற விஞ்ஞானி நெஞ்சுவலிக்காகக் கண்டுபிடித்து வெளியிட்டது புரோப்ரனலால். சாதாரண மருந்துக் கடையில், டாக்டர் சீட்டுக்குக் கிடைக்கிற மலிவான மாத்திரை. படபடப்பைக் கிளப்புகிற அட்ரினலினைத் தடுக்கும். பயந்த நேரத்தில் அட்ரினலின்தான் ஞாபகத்தை ஆழமாக உழுதுவிடுது என்று தெரிந்தபிறகு, இதை ஞாபகத்துக்கே கொடுத்துப் பார்த்தார்கள். 2002இல் பாஸ்டனில் பிட்மன், விபத்தில் சிக்கி வந்தவர்களுக்குக் கொடுத்தார். 2009இல் ஆம்ஸ்டர்டாமில் மெரல் கிண்ட் செய்த சோதனையில் ஒரு விசயம் தெளிவாகத் தெரிந்தது. சிலந்திப் படத்தோடு மின் அதிர்ச்சி கொடுத்துப் பழக்கியவர்களுக்கு, மறுநாள் அதை ஞாபகப்படுத்தும் முன்னால் இந்த மாத்திரை. அதற்கடுத்த நாள் பார்த்தால், இந்தப் படம் வந்தால் அதிர்ச்சி வரும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியுது. ஆனால் உடம்பு தூக்கிப்போடவில்லை. அறிவு இருக்கு, நடுக்கம் போச்சு. 2018இல் மான்ட்ரியாலின் அலன் புரூனே 60 பேரிடம் செய்ததில், மாத்திரை போட்டுவிட்டுத் தனக்கு நடந்ததை எழுதி வாசிக்கணும், வாரம் ஒருமுறை ஆறு வாரம். அதில் பலருக்கு வேதனை இறங்கியது. எல்லாச் சோதனையிலும் இதே பலன் வரவில்லை என்பதையும் சொல்லணும். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த மாத்திரையைத் தொடவே கூடாது.

இதில் என்னை நிறுத்தியது அந்த எழுதி வாசிக்கிற ஏற்பாடு. மூடின ஞாபகத்துக்கு மருந்து பிடிக்காது. திறக்கணும், சொல்லணும், சொல்லும்போது நெஞ்சு படபடக்காமல் யாரோ எதுவோ பிடித்துக்கொள்ளணும். பெருவீட்டில் இலைமாவை அடக்கிக்கொண்டு விடியவிடியப் பேசின கிழவர்களின் வைத்தியத்துக்கு இது ரொம்ப தூரத்தில் இல்லை.

இன்னொரு வைத்தியமும் அந்தக் காட்டில் உண்டு, இப்போது உலகப் பிரசித்தம். மேல் புட்டுமாயோவில் கோஃபான், காம்ஸா மக்கள் யாகே என்கிற கஷாயம் குடிப்பார்கள். அயாவஸ்கா என்றும் பெயர். ஒரு கொடியும், பெருவில் காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் இலையும் சேர்த்துக் காய்ச்சுவது. இலையை மட்டும் தின்றால் வயிற்றிலேயே அழிந்துபோகும்; அழிக்கிற நொதியைக் கொடி தடுத்து நிறுத்தும். ஆயிரக்கணக்கான செடிகளுக்கு நடுவே இந்த ஜோடியைக் கண்டுபிடித்தவர்களைத்தான் காட்டுமிராண்டி என்று எழுதினான் ரப்பர் வியாபாரி. இன்றைக்குப் போர் முடிந்து வந்த அமெரிக்கச் சிப்பாய் உட்பட, வெளிநாட்டார் பலர் மனசுக் காயத்துக்கு இந்தக் கஷாயம் தேடிப் பெருவின் இக்கித்தோஸ் நகரத்துக்குப் போகிறார்கள். அரானா செல்வாக்கோடு வாழ்ந்த நகரம் அது. காட்டைக் காயப்படுத்தின காசில் வளர்ந்த ஊர், அந்தக் காட்டின் மருந்தையே காயம்பட்டவர்களுக்கு டாலருக்கு விற்குது. சிப்பாய்க்கும் தூக்கம் வேணும்தான், மறுக்கலை. அவன் சுட்ட ஊர்க்காரிக்கு யார் டிக்கெட் போடுவது?

2003இல் அமெரிக்க ஜனாதிபதியின் உயிர்மருத்துவ அறவியல் குழு இந்த மருந்துகளைப் பற்றி யோசித்து எச்சரித்தது. வெட்கக்கேடான செயல் வெட்கக்கேடாகத் தெரியாமல் போய்விடும், செய்தவனும் தன் மனச்சாட்சிக்கு மாத்திரை போட்டுக்கொள்வான், கொடுமைக்குச் சாட்சி சொல்லும் கடமை உலர்ந்துவிடும் என்று. கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனால் உலகத்தின் மனச்சாட்சியைத் தூங்காமல் பார்த்துக்கொள்ளும் வேலையை அடிபட்டவள் ஏன் தன் தூக்கத்தைக் கொடுத்துச் செய்யணும்? மலம் அள்ளுவது ஒரு சனத்தின் தலையில் கட்டப்பட்ட மாதிரி, ஞாபகம் சுமப்பதையும் அதே சனத்தின் தலையில் கட்டுவதா?

கிண்ட் சோதனை நமக்குச் சொல்வதை நான் இப்படி எடுத்துக்கொள்கிறேன்: நடந்தது தெரிந்திருப்பதும் நடுங்குவதும் வெவ்வேறு. வழக்குக்குத் தேவை முதலாவது. சாட்சிக் கூண்டில் ஏறுகிற பெண் குரல் நடுங்காமல், தேதி நேரம் பிசகாமல் சொன்னால், அழுகையே காணோம், இவள் பொய் சொல்கிறாள் என்று எதிர்த்தரப்பு வக்கீல் சொல்வான். அந்த அச்சத்தில்தான் நம்மவர்களில் சிலரும், அவள் அழுதால் நல்லது என்று உள்ளுக்குள் நினைக்கிறார்கள். கோபம் தணிந்துவிட்டால் போராட்டம் என்னாவது என்று ஒரு தோழர் கேட்டார். நடுக்கத்திலிருந்து வருகிற கோபம்தான் கோபமா? நன்றாகத் தூங்கி எழுந்தவளுக்குக் கோபம் வராதா? எனக்கென்னவோ அவள்தான் நெடுநாள் நிற்பாள் என்று படுது.

அடித்தவனுக்கு மருந்து உண்டா என்ற கேள்விக்கு என்னிடம் ஒரே பதில் இல்லை. பார்படோஸ்காரர்கள் முதலில் சாட்சி சொன்னார்கள். அதற்குப் பிறகு அவர்களுக்கு மருந்து கிடைத்திருந்தால் நான் மறுக்க மாட்டேன். அரானா ஒன்றும் சொல்லலை. அவனுக்கு மருந்தும் தேவைப்பட்டதாகத் தெரியலை.

2012 அக்டோபர் 12 அன்று, கேஸ்மென்ட் அறிக்கையின் நூறாவது ஆண்டில், கொலம்பிய ஜனாதிபதி சாந்தோஸ் அரசின் பெயரால் மன்னிப்புக் கேட்டு எழுதின கடிதம் லா சோரேராவில் வாசிக்கப்பட்டது. அதற்கு முன்னாலேயே இளையவர்கள் கூடையைத் திறந்து பார்க்கணும்னு கேட்கத் தொடங்கியிருந்தார்கள். பெரியவர்களோடு வாதம் நடந்தது. கம்பெனியின் தலைமைக் கட்டடம் அதே சனங்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமானது. மூடியைத் திறக்கலாம், ஆனால் எப்போது, எந்தப் பேச்சோடு, எதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்பதை அவர்களே தீர்மானித்தார்கள். ஒரு குறை எனக்கு உண்டு. ராத்திரிப் பேச்சில் உட்கார்ந்தவர்கள் ஆண்கள். சாறு காய்ச்சிக் கொடுத்த பெண்ணின் கூடை யார் முன்னால் திறந்தது, திறந்ததா என்பதே புத்தகங்களில் சரியாக வரலை.

நம்ம ஊரில் கூடையைத் திறப்பது யார்? ஒரு சேரி எரிந்தால் முதலில் போலீஸ் கேட்குது. தாசில்தார் கேட்கிறார், டாக்டர் கேட்கிறார், ஆணையம் கேட்குது. உண்மை அறியும் குழுக்கள் நாலு வருது, பத்திரிகைக்காரர் வருகிறார், ஆராய்ச்சி மாணவர் வருகிறார். வருச நினைவு நாளில் மேடையில் ஏற்றி மைக்கைக் கொடுத்து, சொல்லும்மா என்கிறோம். எட்டு வருசம் கழித்து நீதிமன்றத்தில் மறுபடி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றப்பத்திரிகை தாக்கலானதிலிருந்து இரண்டு மாசத்துக்குள் கூடியவரை வழக்கை முடிக்கணும்னு இருக்கு. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில், 15ஏ பிரிவின் பத்தாம் உட்பிரிவு, விசாரணை நடவடிக்கை முழுவதையும் வீடியோவில் பதியணும்னு சொல்லுது. காகிதத்தைத் தின்கிற மழைக்காடும் நமக்கு இல்லை. ஒருதரம் ஒழுங்காகக் கேட்டுப் பதிந்து, அதை எல்லோரும் எடுத்துப் பார்த்துக்கொள்ள என்ன தடை? இனி சொல்ல மாட்டேன் என்று அந்த அக்கா சொன்னால், இந்த வருசம் நினைவு நாள் மேடையில் அவர் நாற்காலி காலியாகவே இருக்கட்டும்னு விட நம்மில் எத்தனை பேர் தயார்?